ஒருமனதாக நிறைவேறிய வரலாறு

வயதானால் மனிதர்களுக்கு மூட்டுவலி வரும். சங்கங்களுக்கு வரலாறு வரும். சுரங்கத் தொழிலாளர் தேசியச் சங்கத்துக்கு அது எழுபத்தைந்தாவது வயதில் வந்தது. உடனே தலைமையகத்திலிருந்து எல்லாச் சுரங்கங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போயிற்று. சங்கத்தின் வீர வரலாறு நூலாக வெளிவர இருப்பதால், பழைய நிகழ்ச்சிகளை நேரில் கண்ட தோழர்கள் வரலாற்றுக் குழுவின் முன் வந்து, குழு எடுத்த முடிவுகளை உறுதிப்படுத்தித் தருமாறு அதில் கேட்டிருந்தார்கள்.

கண்டதைச் சொல்லுங்கள் என்று அதில் ஓர் இடத்திலும் இல்லை. விளக்கறைக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவர் வேலை அப்படி. சுரங்க வாசலில் ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு ஜன்னல். கீழே இறங்குகிறவன் தன் எண் போட்ட பித்தளை வில்லையை ஜன்னலில் கொடுப்பான். அவர் அதைக் கொக்கியில் மாட்டிவிட்டு விளக்கைக் கொடுப்பார். மேலே வந்தவன் விளக்கைக் கொடுத்து வில்லையை வாங்கிக்கொள்வான். கொக்கியில் வில்லை தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். இதில் வாதத்துக்கு இடமில்லை. முப்பத்து மூன்று வருடம் இப்படி வேலை பார்த்ததில், உலகத்திலும் வாதத்துக்கு இடமில்லை என்றே நம்பிவிட்டிருந்தார். சூப்பர்வைசர் சொன்னாலும் சரி, சங்கம் சொன்னாலும் சரி, "ஆகட்டுங்க" என்பதுதான் அவர் வாயில் முதலில் வரும்.

சுற்றறிக்கையைக் கவனித்தது அவருடைய அக்காதான்.

"நீ போய்ச் சொல்லு," என்றாள். "அந்தப் பதினோரு நாளைப் பத்தி எழுதறப்போ அவரு பேரு ஒரு வரி வரணும். ஒரே ஒரு வரி. அதுக்கு மேல நான் கேட்கல."

அவரு என்றால் அவளுடைய வீட்டுக்காரர். செத்து நான்கு வருடமாகிறது. சுரங்கத்தில் கூரை இடிந்து விழாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது அவர் வேலை. மேலதிகாரிகள் எதைச் சொன்னாலும் நின்று ஏன் என்று கேட்பது அவர் சுபாவம். இரண்டையும் சேர்த்து எல்லாரும் அவரை முட்டுக்கட்டை என்று கூப்பிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்குக் குறை வைக்கவில்லை.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் நிர்வாகம் உளுத்த மரங்களை அனுப்ப ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. ஒரே மாதத்தில் இரண்டு பேர் கூரை விழுந்து செத்தார்கள். மூன்றாவது முறை கூரை முனகியபோது முட்டுக்கட்டை, "நல்ல மரம் வர்ற வரைக்கும் நான் மேல வரமாட்டேன்," என்று கீழேயே உட்கார்ந்துவிட்டார். கூட இருந்த நாற்பத்திரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பதினோரு நாள். விளக்கறையில் நாற்பத்து மூன்று வில்லைகள் கொக்கியைவிட்டு இறங்கவேயில்லை. பன்னிரண்டாம் நாள் காலை மூன்று லாரி நல்ல மரம் வந்தது. அன்றைக்கே சங்கமும் வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது, போட்டோ எடுத்துக்கொண்டது.

விளக்கறைக்காரர் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுத் தலைநகருக்கு பஸ் ஏறினார்.

சங்கத்தின் தலைமையகம் ஆறு மாடிக் கட்டடம். அதற்கு ஒரு நிலவறையும் உண்டு. பழைய கோப்புகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஆனால் ஒன்பது வருடமாக யாரும் அங்கே இறங்கவில்லை. படிக்கட்டில் பல்பு போய்விட்டதால், தரைக்குக் கீழே சென்று பணியாற்றும்படி அலுவலக ஊழியர்களை வற்புறுத்துவது மனித உரிமைக்குப் புறம்பானது என்று செயற்குழு தீர்மானம் போட்டிருந்தது. 'இருட்டில் யாரும் உழைக்கக் கூடாது' என்ற அந்தத் தீர்மானத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள்.

"பல்பு மட்டும்தான்னா நான் மாட்டித் தர்றேங்க," என்றார் விளக்கறைக்காரர்.

"நீங்க உட்காருங்க தோழர்," என்றார்கள்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் பொதுச்செயலாளரின் ஆளுயரப் படம். தலையில் ஹெல்மெட், முகத்தில் கரி. இரண்டு கன்னத்திலும் கரி ஒரே அளவாக, ஒரே வடிவமாக இருந்தது. ஹெல்மெட்டில் விளக்கைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். அதன் வயர் எங்கேயும் போகாமல் காதுக்குப் பக்கத்தில் தொங்கியது. விளக்கறைக்காரருக்குக் கை துறுதுறுவென்றது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வரலாற்றுக் குழுவில் பதினேழு பேர். பதினாறு பேர் சுரங்கத்துக்குள் போனதில்லை. பதினேழாவது ஆள் ஒருமுறை வெளிநாட்டுத் தூதுக்குழுவோடு போயிருந்தார். அது உப்புச் சுரங்கம், உள்ளே உணவு விடுதி இருந்ததாம். குழுத் தலைவர் மேசையின் தலைப்பக்கம் இருந்தார். அவருக்கு வலப்பக்கம் நூலாசிரியர். இவர் ரயில்வே ஊழியர் சங்கத்துக்கு வரலாறு எழுதிப் பேர் வாங்கியவர். ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றுக்கு மாற்றுவதில் அவருக்கு நல்ல வேகம் இருந்தது.

"கைப்பிரதியில் அந்தப் பகுதியைப் படிங்க," என்றார் தலைவர்.

நூலாசிரியர் தொண்டையைச் செருமினார். "'கொடிய இருள். கொடும் பசி. ஆயினும் நம் தோழர்கள் அஞ்சவில்லை. தண்டவாளத்தில் நெஞ்சை வைத்துப் படுத்தார்கள். சீறி வந்த ரயில் சில அடி தூரத்தில் நின்றது.'"

விளக்கறைக்காரர் இரண்டு தடவை யோசித்துவிட்டுக் கையைத் தூக்கினார். "எங்க சுரங்கத்துல ரயில் கிடையாதுங்களே."

"தண்டவாளம்?"

"தள்ளுவண்டி போக இருக்குதுங்க."

"அப்ப தண்டவாளம் இருக்கட்டும்," என்றார் நூலாசிரியர். "ரயிலை எடுத்துடறேன். வேற ஏதாவது சீறி வர்ற மாதிரி இருக்கா?"

"எலிதாங்க."

அதைக் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு விளக்கறைக்காரர் தான் கண்டதைச் சொன்னார். உளுத்த மரத்தைச் சொன்னார், செத்த இரண்டு பேரைச் சொன்னார். நாற்பத்து மூன்று வில்லைகளின் எண்களையும் வரிசையாகச் சொன்னார். அவருக்கு அது மனப்பாடம். பதினேழு பேரும் பொறுமையாகக் கேட்டார்கள். அதாவது, பேசாமல் இருந்தார்கள். 'பதினோரு நாள்' என்று அவர் சொன்னவுடன் ஒருவர் எழுந்தார்.

"திருத்தம் கொண்டு வர்றேன் தலைவரே. எங்க செம்புச் சுரங்கப் பிரிவுக்கு இந்த வரலாற்றுல ஒரு நாள்கூட ஒதுக்கல. நாங்களும் சந்தா கட்டறோம்."

"நீங்க அந்தப் போராட்டத்துல இல்லையே," என்றார் தலைவர்.

"இருக்கச் சொல்லி எங்களுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பல. அது தலைமையோட தவறு. அதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?"

நியாயமாகத்தான் பட்டது. செம்புப் பிரிவுக்கு இரண்டு நாள் கொடுத்தார்கள். உடனே உப்புப் பிரிவு எழுந்தது. அது சின்னப் பிரிவு. ஒரு நாளோடு திருப்திப்பட்டது. ஆகப் போராட்டம் பதினான்கு நாள் நடந்ததாகத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பதினோரு நாளில் வெளியே வந்த ஆட்களை மறுபடி எப்படி மூன்று நாள் உள்ளே அனுப்புவது என்று விளக்கறைக்காரருக்குப் புரியவில்லை. ஆனால் கைத்தட்டினார்கள். அவரும் தட்டினார். பழக்கம்.

"கடிதத்தைப் பத்தியும் சொல்லணுங்க," என்றார்.

"எந்தக் கடிதம்?"

"ஏழாம் நாள் சங்கத்துலேர்ந்து வந்துச்சுங்க. அனுமதியில்லாம உட்கார்ந்தது செல்லாது, உடனே மேலே வாங்கன்னு எழுதியிருந்துச்சு. நான்தான் அதை ஆள் இறங்குற கூண்டுல வச்சுக் கீழ அனுப்பினேன்."

 தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன எழுதியிருந்துச்சுன்னு சரியாச் சொல்லுங்க. அதே வார்த்தை."

"'தோழர்களே, மேலே வாருங்கள்'னு."

தலைவர் முகம் தெளிந்தது. "பாருங்க. மேலே வாருங்கள். அதாவது உயருங்கள், முன்னேறுங்கள். பாட்டாளி வர்க்கத்தைப் பார்த்துத் தலைமை விடுத்த அறைகூவல். இவ்வளவு அருமையான வாசகத்தை எப்படி விட்டோம்?"

"அட்டையிலேயே போட்டுடலாம்," என்றார் நூலாசிரியர்.

"இல்லைங்க. அவரு அதுக்குப் பதில் எழுதி அனுப்பினாருங்க, எங்க அக்கா வீட்டுக்காரரு. அந்தக் கடிதத்துக்குப் பின்னாடியே கரியால எழுதியிருந்தாரு. 'இந்தக் காகிதம் கூரையைத் தாங்காது. மரம் அனுப்புங்க'ன்னு."

இதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. எழுத்தர் ஒருவர் பழைய உறுப்பினர் பதிவேட்டின் நகலைப் புரட்டி, முட்டுக்கட்டை பற்றி ஒரு விவரத்தைக் கண்டுபிடித்தார். தலைமையின் அனுமதியின்றிப் போராட்டத்தில் இறங்கியதற்காக அவரைச் சங்கத்திலிருந்து நீக்கியிருந்தார்கள். நீக்கிய தேதி, போராட்டத்தின் இரண்டாம் நாள்.

"அப்ப அவர் அந்தப் போராட்டத்துல உறுப்பினரா இல்ல," என்றார் தலைவர். "வெளியாள்."

"அவரு உள்ளதாங்க இருந்தாரு."

"சுரங்கத்துக்கு உள்ள. சங்கத்துக்கு வெளியே. இது சங்கத்தோட வரலாறு தோழர், சுரங்கத்தோட வரலாறு இல்ல."

விளக்கறைக்காரர் முகத்தைப் பார்த்து அவர்களுக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். பொதுச்செயலாளரைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஆறாவது மாடிக்கு அனுப்பினார்கள்.

பொதுச்செயலாளர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் மேல் வாசனைத் தைலம் மணத்தது. "ஞாபகம் இருக்கு. அந்த ஜன்னல் ஞாபகம் இருக்கு. நீதானே எனக்கு விளக்கு எடுத்துக் கொடுத்தே?"

"இல்லைங்க. நீங்க கீழ போகல. அப்ப நீங்க துணைச்செயலாளரு. கடிதத்தைக் கொண்டுவந்து ஜன்னல்ல கொடுத்தீங்க. எவ்வளவு ஆழம்னு கேட்டீங்க. அறுநூறு அடின்னேன். கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டு, நீயே அனுப்பிடுன்னுட்டுப் போயிட்டீங்க."

பொதுச்செயலாளர் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் போய்க் கீழே தெருவைப் பார்த்தார். மேடைகளில் அவர் இப்படித்தான் நிற்பார்.

"கீழ இருந்தவங்களுக்கு என்ன தோழர் கஷ்டம்? உட்கார்ந்திருந்தாங்க. கூரையைப் பத்தி மட்டும் கவலை. மேல இருந்தவன் நிலைமையை யோசிச்சுப் பாரு. மந்திரி கூப்பிடறாரு. முதலாளி கூப்பிடறாரு. பத்திரிகைக்காரன் கூப்பிடறான். எல்லார்கூடவும் நான் சாப்பிடணும். அந்தப் பதினோரு நாள்ல நான் ஒரு வேளைகூட வீட்டுல சாப்பிடல. உடம்பு நாலு கிலோ ஏறிப் போச்சு. அந்தத் தியாகத்தை எவன் எழுதறான்? மனசால நான் கீழதான் இருந்தேன். சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே அந்த இருட்டு கண்ணுக்குத் தெரியுது."

சொல்லும்போது அவர் கண் உண்மையிலேயே கலங்கியது. விளக்கறைக்காரருக்கு அதுதான் பயமாக இருந்தது. பொய் சொல்கிறவனை என்றைக்காவது மடக்கலாம். நம்பிவிட்டவனை என்ன செய்வது?

"உன் அக்கா புருஷன் விஷயத்தை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பச் சொல்றேன்," என்றார் பொதுச்செயலாளர். "மேல்முறையீடு பண்ணட்டும். நம்ம சங்கத்துல யாருக்கும் கதவு மூடறதில்ல." செத்துவிட்டார் என்று சொல்ல வாயெடுத்த விளக்கறைக்காரர், பழக்கத்தில் "ஆகட்டுங்க" என்றுவிட்டார்.

மேல்முறையீட்டைச் சம்பந்தப்பட்ட உறுப்பினர் நேரில் வந்து செய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே முட்டுக்கட்டைக்கு நோட்டீஸ் வந்தது. செத்தவர் போகவில்லை. இரண்டாவது நோட்டீஸ் வந்தது. மூன்றாவது கொஞ்சம் கடுமையாகவே இருந்தது. 'தாங்கள் தொடர்ந்து ஆஜராகாமல் இருப்பது குழுவை அவமதிப்பதாகும். இம்முறையும் வராவிடில் தங்கள் எதிர்காலம் பாதிக்கப்படும்.'

அக்கா அதைப் படித்துவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். தம்பி பின்னால் போனார்.

ஒழுங்கு நடவடிக்கைக் குழு என்பது அதே பதினேழு பேர்தான். அதே அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முகத்தை மட்டும் கொஞ்சம் இறுக்கமாக வைத்திருந்தார்கள்.

"உறுப்பினர் ஏன் வரல?" என்றார் தலைவர்.

"செத்துட்டாரு," என்றாள் அக்கா.

"எப்ப?"

"நாலு வருஷம் ஆச்சு. நெஞ்சுல கரி அடைச்சு. உங்க சங்கத்துலேர்ந்து ஒரு மலர்வளையம் வந்துச்சு. அதுல வேற யாரு பேரோ இருந்துச்சு."

தலைவர் எழுத்தரிடம் திரும்பினார். "'தவிர்க்க இயலாத சொந்தக் காரணத்தால் வரவில்லை'ன்னு போட்டுக்கங்க." பிறகு அக்காவிடம், "அம்மா, நாங்க கல்நெஞ்சுக்காரங்க இல்ல. இந்த மாதிரி நேரத்துல சங்கம் கருணையோடதான் நடந்துக்கும். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. அவரை மன்னிச்சுச் சேர்த்துக்கறோம். புத்தகத்துல பேரும் வரும்," என்றார்.

காகிதத்தை நகர்த்தினார். 'என் கணவர் தலைமையின் அனுமதியின்றிச் சுரங்கத்தில் தங்கியது தவறு என்பதை உணர்ந்து, அவர் சார்பில் வருந்துகிறேன்.'

"புத்தகத்துல எங்க வரும்?" என்று கேட்டாள் அக்கா.

"கடைசியில, இருநூத்துப் பன்னிரண்டாம் பக்கம். 'மற்றும் உதவியோர்'னு ஒரு பட்டியல். பந்தல் போட்டவருக்கு அடுத்து, ஒலிபெருக்கிக்காரருக்கு முன்னாடி. நல்ல இடம்."

அக்கா காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், அதனால் நேரமாயிற்று. பதினேழு பேரும் காத்திருந்தார்கள்.

"கீழ தங்கினது தப்புன்னு நான் எழுதிக் கொடுக்கணும்."

"ஒரு சம்பிரதாயத்துக்குத்தாம்மா."

"தப்புன்னா எதுக்குய்யா அதுக்கு விழா எடுக்கறீங்க?"

 ஒருவர் தண்ணீர் குடித்தார். பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டு அக்கா எழுந்தாள்.

"ஒரு கையெழுத்துதானே அக்கா," என்றார் தம்பி, படிக்கட்டில் இறங்கும்போது. "போட்டிருந்தா பேரு வந்திருக்கும். நீ ஆசைப்பட்டதுதானே."

அக்கா பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, நகரத்தின் கடைசிக் கட்டடமும் போனபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏழாம் நாளு நான் சோத்துத் தூக்கோட அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். நீ அந்தக் கடிதத்தைக் கூண்டுல வச்சதைப் பார்த்தேன். மேல வாங்கன்னு எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியும். மரமும் வரல, ஆளுங்க மேல வந்தா மறுநாளே அதே உளுத்த மரத்துக்கு அடியில போய் நிக்கணும்னும் உனக்குத் தெரியும். ஆகட்டுங்கன்னே. வச்சே. கூண்டை இறக்க மணி அடிச்சே."

"அக்கா, அது என் வேலை."

"முப்பத்தொரு வருஷமா உன்னை நான் ஒரு வார்த்தை கேட்கல. இப்பவும் கேட்கல. ஆனா இன்னொரு காகிதத்தை நீ எடுத்து என்கிட்ட நீட்டாதே."

மீதி நான்கு மணி நேரமும் விளக்கறைக்காரர் முன் சீட்டின் முதுகில் யாரோ கீறியிருந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

விழா சுரங்க வாசலில் நடந்தது. போராட்டம் நடந்த அதே இடத்தில், தரைக்கு அடியில், நூலைப் பொதுச்செயலாளர் வெளியிடுவார் என்றுதான் முதலில் அழைப்பிதழ் அச்சடித்தார்கள். ஒரு வாரத்துக்கு முன் அறுநூறு அடி என்பதை யாரோ அவருக்கு நினைவுபடுத்தினார்கள். உடனே மாதிரிச் சுரங்கம் ஒன்றைத் தரைக்கு மேலேயே கட்டினார்கள். பிளைவுட்டில் சுவர், அதற்குக் கறுப்புப் பெயிண்ட், தெர்மோகோலில் முட்டுக்கட்டைகள். உள்ளே இரண்டு ஏசி வைத்தார்கள். நிஜச் சுரங்கத்தின் வாய் நாற்பதடி தள்ளி இருந்தது. ஷிப்ட் முடிந்து மேலே வந்த ஆட்கள் குளிக்கப் போகாமல், அந்தப் பொய்ச் சுரங்கத்தைச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒருவன் தெர்மோகோலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "நிர்வாகம் அனுப்பினதைவிட இது பரவாயில்ல," என்றான்.

விளக்கறைக்காரருக்கும் விழாவில் வேலை கொடுத்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் 'சாதாரணத் தொழிலாளி'. மேடைக்கு வந்து பொதுச்செயலாளரிடம் ஒரு விளக்கைக் கொடுத்து, "அன்று தந்தேன், இன்றும் தருகிறேன்" என்று சொல்ல வேண்டும். நாலே வார்த்தை. நூலாசிரியர் எழுதி, ஒத்திகையும் பார்த்திருந்தார்.

பொதுச்செயலாளர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். "தோழர்களே, என்னிடம் கேட்கிறார்கள், நீ எத்தனை நாள் கீழே இருந்தாய் என்று. நான் கேட்கிறேன், உழைப்பவனுக்கு நாள் கணக்கு உண்டா? நான் மண்வெட்டி பிடித்ததில்லை என்கிறார்கள். உண்மை. மண்வெட்டியை நான் பிடித்திருந்தால், உங்களுக்கு அதைப் பிடிக்கும் வாய்ப்பு போயிருக்கும். நான் மேலே இருந்ததால்தான் நீங்கள் கீழே இருக்க முடிந்தது. இந்த ஏற்பாடு இன்னும் எழுபத்தைந்து ஆண்டுகள் தொடர வேண்டும்." முன்வரிசை கைத்தட்டியது. முன்வரிசையில் வரலாற்றுக் குழு இருந்தது.

பிறகு சாதாரணத் தொழிலாளியைக் கூப்பிட்டார்கள்.

விளக்கறைக்காரர் விளக்கோடு மேடை ஏறினார். மைக்கைப் பார்த்தார். கூட்டத்தின் பின்பக்கம், கரி அப்பிய முகங்களுக்கு நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். விளக்கைக் கொடுத்தார். பொதுச்செயலாளர் அதை வாங்கி, எங்கே மாட்டுவது என்று தெரியாமல் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"சொல்லுங்க," என்று பக்கத்திலிருந்து கிசுகிசுத்தார் நூலாசிரியர்.

"முப்பத்து மூணு வருஷமா விளக்கு கொடுக்கறேன்," என்றார் விளக்கறைக்காரர் மைக்கில். குரல் சன்னமாகத்தான் வந்தது, ஆனால் ஒலிபெருக்கி நல்லது. "இவருக்குக் கொடுக்கறது இதுதான் முதல் தடவை. அதான் மாட்டத் தெரியல. அப்ப கீழ இருந்தது நாப்பத்து மூணு பேரு. பதினோரு நாள். மொதல்ல உட்கார்ந்தவரு எங்க அக்கா வீட்டுக்காரரு. மேல வரச் சொன்ன கடிதத்தைக் கொண்டு வந்தது இவரு. கீழ அனுப்பினது நான். அது தப்புங்க. அவ்வளவுதான்."

 முதலில் பின்பக்கம் யாரோ சிரித்தார்கள். அப்புறம் கரி முகங்களிலெல்லாம் பல் தெரிந்தது. ஏசி இரைச்சலை மீறி அந்தச் சிரிப்பு பிளைவுட் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

அவரை நீக்கப் பத்து நாள் ஆயிற்று. சங்கம் முறைப்படிதான் நடந்தது. ஆனால் ஒரு சிக்கல். இப்போது நீக்கினால், அன்றைக்கு அவர் உறுப்பினராக இருந்தார் என்றாகும். உறுப்பினர் சொன்னது சாட்சியாகும். ஆகவே முப்பத்தொரு வருடம் முன்தேதியிட்டு நீக்கினார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த நாற்பத்து மூன்று பேரில் பதினான்கு பேர் இன்னும் உயிரோடு இருந்தார்கள். எல்லாரும் இருமிக்கொண்டு, கைத்தடி ஊன்றிக்கொண்டு, கிளைச் சங்க அலுவலகத்துக்கு வந்து, விளக்கறைக்காரர் சொன்னது நிஜம்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் கைரேகை வைத்தார்.

பதினான்கு பேரையும் நீக்கினார்கள்.

அப்போது செம்புப் பிரிவு ஓர் ஆட்சேபம் எழுப்பியது. ஒரே குற்றத்தைச் செய்த நாற்பத்து மூன்று பேரில் முட்டுக்கட்டையோடு சேர்த்துப் பதினைந்து பேரை நீக்கிவிட்டு, மற்றவர்கள் செத்துவிட்டார்கள் என்பதற்காக விட்டுவைப்பது பாகுபாடு; செத்தவர்களுக்குச் சலுகை காட்டினால் உயிரோடிருப்பவர்களுக்கு அது தவறான முன்னுதாரணமாகும். நியாயமாகத்தான் பட்டது. மிச்சமிருந்த இருபத்தெட்டு பேரையும், போராட்டத்தின் இரண்டாம் நாள் என்று தேதி போட்டு, ஒருமனதாக நீக்கினார்கள்.

நூலாசிரியர் இரண்டாம் பதிப்பைத் திருத்த உட்கார்ந்தார். பதினான்கு நாள் நடந்த மாபெரும் போராட்டத்தில் இப்போது ஓர் ஆள்கூட இல்லை. அவர் அதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. 'சங்கமே கீழே இறங்கிற்று' என்று எழுதினார். எலியை மட்டும் விட்டுவைத்தார்.

நீக்கப்பட்டவர்களின் பட்டியலை எல்லாக் கிளைகளிலும் ஒட்ட வேண்டும் என்பது சங்க விதி. விதியில் மட்டும் அவர்கள் குறை வைத்ததில்லை. தலைமையகத்தின் முத்திரையோடு, கெட்டித் தாளில், பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்பினார்கள். சுரங்க வாசலில், ஷிப்டுக்கு வரிசை நிற்கும் இடத்தில், அறிவிப்புப் பலகையில் அது ஏறியது. தலைப்பு: 'தலைமையின் அனுமதியின்றிச் சுரங்கத்தின் அடியில் பதினோரு நாட்கள் தங்கிய குற்றத்துக்காக நீக்கப்பட்டோர்.' ஒழுங்கு நடவடிக்கைக் குழு வரலாற்றுக் குழுவைக் கலந்துகொள்ளவில்லை போலிருக்கிறது. நாள் சரியாக இருந்தது.

கீழே நாற்பத்து மூன்று பெயர்கள், தகப்பன் பெயரோடு, செய்த வேலையோடு. முதல் வரியில் முட்டுக்கட்டை. அவருக்கு அவர் அப்பா வைத்த பெயரும் இருந்தது, மற்றவர்கள் வைத்த பெயரும் இருந்தது. கடைசியில் கோடு போட்டு, 'மற்றும் இவர்களுக்காகப் பேசியவர்' என்று விளக்கறைக்காரர்.

முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் அதைப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துக் காட்டினார்கள். இறந்தவர்களின் பிள்ளைகள் சிலர் அங்கேதான் வேலை பார்த்தார்கள். அவர்கள் தங்கள் அப்பா பெயர் வந்ததும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா வந்தாள். எழுத்துக் கூட்டி, தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒன்று விடாமல் படித்தாள். பிறகு கிளைச் செயலாளரின் அறைக்குள் போனாள்.

"இதுல ஒண்ணு எனக்கு வேணும்."

கிளைச் செயலாளர் சங்கடத்தோடு எழுந்தார். "அம்மா, இது அவங்களை அவமானப்படுத்தறதுக்காகப் போட்டது."

"தெரியும்," என்றாள் அக்கா. "கசங்காததாப் பார்த்துக் கொடுங்க. சட்டம் போடணும்."